தொப்பிக்குள்ள போன சிவப்புக் கட்டம்

…தொப்பியா அது, தொப்பியா? மீன்பெட்டி மூடியக் கவுத்து வெச்ச மாதிரி! சரி, தொப்பி எப்படியோ இருந்து தொலையட்டும். எந்தக் கண்ண மறைக்கணும்னு கூடவா தெரியாது? மூணு மணி நேரம்... நீ வாய அசைக்காத ஃபெம்கெ, மூஞ்சில பூசின வெள்ளை இன்னும் காயல, வெடிச்சுரும்... மூணு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு உன் ஒத்தக் கண்ணு மேல ஒரு சிவப்புக் கட்டம் போட்டு வெச்சிருக்கேன். அந்தத் தொப்பிக்காரி டீனெகெ வந்தா, தொப்பிய எடுத்து உன் தலையில வெச்சா, சிவப்பு மொத்தமும் உள்ள போயிருச்சு! வெளிய என்ன தெரியுது? ஒண்ணுமே போடாத மொட்டைக் கண்ணு. ஆறு பக்கம் வரப்போற படம்மா இது. பத்திரிகையில ஆறு பக்கம்!

"திருப்பிப் போடு"ன்னேன். திருப்பினா கொண்டைக்கு விட்ட ஓட்டை நெத்திக்கு வருது. சிரிக்காத, சிரிக்காத! கன்னத்துக் கோடு போயிரும்.

தொப்பி செய்யறதுக்குன்னே நாலு வருஷம் படிச்சாளாம். நாலு வருஷம்! நான் பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு சலூன்ல முடி கூட்டப் போனவ. எந்தக் கண்ணு எங்க இருக்குன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்கல.

எல்லாத்துக்கும் மூலம் இந்த மார்லூஸ். பத்திரிகை ஆசிரியர்னா எழுதிட்டுப் போக வேண்டியதுதானே? போன மாசம் கூப்பிட்டு உக்கார வெச்சா. காப்பி குடுத்தா. டப்பாவத் தொறந்தா, ஒரு பிஸ்கட் எடுத்துக்கச் சொன்னா, டப்புனு மூடினா. ரெண்டாவது பிஸ்கட் குடுத்தா குடி முழுகிப் போயிருமே! "ஹென்னி, இந்தத் தடவ நம்ம டி ஸ்டைல் ஓவியங்கள மூஞ்சில கொண்டு வரணும்"னா. நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம டச்சு ஆளுங்க ஆரம்பிச்சது. நேர்க்கோடு, கட்டம், சிவப்பு, நீலம், மஞ்சள், கருப்பு, வெள்ளை. அவ்வளவுதான். வளைவு ஆகாது, பச்சை ஆகவே ஆகாது. ஆகாது ஆகாதுன்னே ஒரு கலை! நம்ம நாட்டுல வாய்க்காலும் நேர்க்கோடு, வயலும் நேர்க்கோடு, பத்தாக்குறைக்குப் படமும் நேர்க்கோடு.

அதச் செவுத்துல மாட்டினா சரி. மூஞ்சில நேர்க்கோடு எங்கம்மா இருக்கு? மூக்கு மேடு, கன்னம் மேடு, கண்ணு பள்ளம். கன்னத்துல ஸ்கேல் வெச்சு இழுத்தா கேமராவுல வாழைப்பழமாத் தெரியும். நேராத் தெரியணும்னா கோணலா இழுக்கணும். இத எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்க? படம் எடுக்கற ரைனவுட் இருக்கானே, உன் மூக்குக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு "ஹென்னி, கோடு கோணலா இருக்கே"ங்கறான். "நீ முதல்ல உன் கேமரா இருக்கற இடத்துக்குப் போடா"ன்னேன். போய்ப் பாத்தான். அங்கேர்ந்து நேராத்தான் தெரிஞ்சுது. அப்புறம் இந்த மஞ்சள்... சனியன்! மூணு தடவ பூசினாலும் அடியில தோல் தெரியும். நீலம் ஒரு சொட்டு அதுல இழுத்துக்கிச்சுன்னா பச்சை. பச்சையப் பாத்தா மார்லூஸுக்கு மயக்கமே வந்துரும்.

இவ்வளவையும் யோசிச்சு, என் மூஞ்சிலயே போட்டுப் பாத்தேன் தெரியுமா? நாலு சாயங்காலம். பாத்ரூம்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து. பல்லு விளக்க வந்த எங்க வீட்டு மனுஷன் "இது எந்த நாட்டுக் கொடி?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. அம்பத்திரண்டு வயசுச் சுருக்கத்துலயே கோடு நின்னுச்சு, மொழுமொழுன்னு இருக்கற உன் தோல்ல நிக்காதா? பாத்துப் பாத்து, கட்டம் கட்டமா அப்படியே தாள்ல வரைஞ்சு, ஆளுக்கு ஒரு நகல் குடுத்தேன். அவளுக்கும்தான் குடுத்தேன்! தாளப் பாத்து ஒரு தொப்பி செய்யத் தெரியலன்னா என்னத்தப் படிச்சா?

விட்டேனா? மார்லூஸ் முன்னாடியே நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். "இவ பேரு பத்திரிகையில வந்தா என் பேரு வராது"ன்னேன். மார்லூஸும் "சரி, டீனெகெ பேர எடுத்துடறேன்"னுட்டா. அந்தப் பொண்ணுக்கு இதான் முதல் பத்திரிகையாம். கிரோனிங்கன்லேர்ந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் தொப்பிய மடியில வெச்சுக்கிட்டு ரயில்ல வந்தாளாம். வரட்டுமே! அழல, தாள மட்டும் ரெண்டு தடவ பாத்தா. இப்ப அடுத்த ரூம்ல உக்காந்து தொப்பி விளிம்பப் பிரிச்சு அந்தப் பக்கம் மாத்தித் தைக்கப் போறாளாம். ஒரு வாரம் ஆவி காட்டி நிமித்தின விளிம்பாம். பிரிச்சா மறுபடி அப்படி நிக்காதாம். நிக்காட்டிப் போகட்டும், எனக்கென்ன!

என்ன? எதுக்குக் கைய நீட்டற? தாளா? இந்தா... நல்லாப் பாரு. நீயே நியாயம் சொல்லு. கண்ணாடியில உன் மூஞ்சியப் பாரு, தாளப் பாரு. அதுல சிவப்பு இந்தப் பக்கம், இதுலயும் இந்தப் பக்கம். அச்சு அசலா இருக்குல்ல? அப்புறம் என்ன... என் பக்கம் ஏன் திரும்பற? தாள எதுக்குக் கன்னத்துக்கிட்ட பிடிக்கற? ஏய், பெயிண்ட்ல படப்போகுது...

இரு.

இரு இரு. தாள்ல சிவப்பு என் இடது கைப் பக்கம். உன் மூஞ்சில... என் வலது கைப் பக்கம். கண்ணாடியில பாத்தா ஒத்து வருது. நேர்ல பாத்தா மாறி நிக்குது.

அட... நான் என் மூஞ்சியக் கண்ணாடியில பாத்துல்ல வரைஞ்சேன்... கண்ணாடியில இடம் வலம் மாறித்தானே தெரியும்...

அவ தாள்ல இருக்கற மாதிரிதான் செஞ்சிருக்கா. யாரு செஞ்சாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. சரி, அதுக்கென்ன இப்ப? யாருக்குத் தெரியும்? மார்லூஸ் தாளப் பாத்தா மட்டும் புரிஞ்சுருமா? அவளுக்குக் கட்டம் இருந்தாப் போதும். டீனெகெதான் பிரிச்சுக்கிட்டு இருக்காளே, தைச்சு முடிக்கட்டும், நிக்கற வரைக்கும் நிக்கட்டும்... ஃபெம்கெ? எந்திரிக்காத. தாள எங்க எடுத்துக்கிட்டுப் போற? நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல? இங்க பாரும்மா, போன வருஷம் பூரா என்னை ஒருத்தரும் கூப்பிடல. ஒருத்தரும்! இப்பத்தான் ஒரு... ஏய், கதவத் தொறக்காதடி!

சரி... சரி, போ. மூஞ்சின்னா தொடச்சுட்டு மறுபடி போட்டுக்கலாம். போறதுதான் போற, முதல்ல அவளக் கத்திரிக்கோலக் கீழ வைக்கச் சொல்லு. மத்தத நான் வந்து சொல்றேன்.