பலகையிலிருந்து எடுத்த படம்

வியட்நாமில், பென் தான் நிலையத்திலிருந்து மெட்ரோ கிளம்பும்போது, "நம்ம மின் என்னை ஒரு தடவ கடிச்சாக்கூட நிம்மதியா இருக்கும்" என்று பக்கத்தில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. அந்த நொடியே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சொன்னவர் தலை நரைத்த ஒரு பெண். கூட ஓர் இளையவள். இருவரும் அணிந்திருந்தது அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான இல்லத்தின் சீருடை; மின் அங்கே இருப்பவன் போலும்.

"இத்தன வருஷ வேலைல கை பூரா தழும்பு. இன்னொண்ணு கேக்குதா உங்களுக்கு?" என்றாள் இளையவள்.

"பேச்சு வராதவன். கடிக்காத, அம்மா வேணும்னா படப் பலகையில இருக்கிற அவங்க படத்தத் தொடுன்னு வருஷக்கணக்கா பழக்குனது நான்தான். அம்மா செத்ததும், பாத்தா ஏங்கிடுவான்னு அந்தப் படத்த எடுத்ததும் நான்தான்."

"இப்ப அமைதியாத்தானே இருக்கான். எல்லாரும் உங்களத்தான் பாராட்டுறாங்க."

"அமைதியா? அம்மா எங்கன்னு கேக்க வழியில்லாம உக்காந்திருக்கான்டி. ஞாயித்துக்கிழமையானா வாசலையே பாக்குறான். செத்துட்டாங்கன்னு அவன்கிட்ட யாருமே சொல்லல."



"சொன்னா புரியுமாக்கா?"

"தெரியல. அவன் தங்கச்சி வீட்டு மாடத்துல அம்மா படத்த வச்சுக் கும்பிடுறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போயி, அவன் கையில ஊதுபத்தியக் குடுக்கப்போறேன். அழுதா அழட்டும். நீயும் வந்து அவனுக்கு அந்தப் பக்கம் நில்லு."