கழுத்தளவு

மதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர் அவர்களுக்கு,

அன்று கடையில் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாயின் காதைப் பார்க்க வந்த நீங்கள், வாசல் பக்க நாற்காலியில். அண்ணி தையல் மெஷின் பக்கத்தில், பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு. அவர் தம்பி, எனக்கு மச்சான் முறை, கண்ணாடி முன்னால் சட்டைக்கு அளவு கொடுத்தபடி. நான் அளவு நாடாவுடன். நாய் பொத்தான் உங்கள் காலடியில்.

தோள், மார்பு, கை அளக்கும்வரை அது தூங்கியது. நாடாவை மச்சான் கழுத்தில் சுற்றியதும் முனகிக்கொண்டு வெட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது. அண்ணன் இறந்துகிடந்த இடம்.

"மச்சான், நீங்க அளந்தா நாயே பயந்து ஓடுதே!" என்று மச்சான் சிரித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. "சார், நாய்க்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"அதெல்லாம் இல்லம்மா, வெறும் பழக்கம். மறுபடி இப்படிச் செஞ்சா எனக்கு எழுதுங்க" என்றீர்கள்.

படித்தவர், சரியாகவே சொன்னீர்கள். அண்ணன் கடையை மச்சானுக்குக் கொடுப்பதாக இருந்தான். "உனக்கு ஜென்மத்துக்கும் காலர் உட்காராதுடா" என்றான். நான் கோபப்படவில்லை. அவன் கழுத்தை அளந்தேன், சற்று இழுத்து. பொத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நான் தைத்த உயரக் காலர் சட்டையை அவனுக்கு மாட்டி, மேல் பட்டனையும் போட்டேன். மாரடைப்பு என்றார்கள். காலர் நன்றாகவே உட்கார்ந்தது.

இன்று மதியம் அண்ணி தனியாக வந்தார். நாயை அணைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரே ஒரு தரம் கண்டது எப்படி தம்பி பழக்கமாகும்? இவன் முன்னாடி என் கழுத்த அளங்க, பார்ப்போம்."

பெரியவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. அளந்தேன்.

பொத்தானை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் நினைவில் நிற்காத வாயில்லா ஜீவனைக் கொல்வது பாவம். நாடாவை எடுத்தால் இப்போது மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம், மெஷின் பக்கம் கிடக்கும் அண்ணியின் காலடியில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் படுக்கிறது. நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ஒரு தரம் எப்படிப் பழக்கமாகும் என்று அண்ணி கேட்டது நியாயம்தான். இரண்டு தரம் ஆயிற்று. உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, வரும் வழியில் மச்சானைக் கூட்டிவருகிறேன். அவன் சட்டைக்குக் காலர் மட்டும்தான் பாக்கி.