மாதலுக்குள் ஒரு பிடி அரிசி

— கஸ்டம்ஸ் ஃபாரத்துல 'இல்லை'ன்னு டிக் போடுடா பிரவேஷ். விஷயம் முடிஞ்சுது.

— தோல் சாமான் இருக்கான்னு கேட்டிருக்கே, சந்தேஷ். மாதல் மேளத்துல ரெண்டு பக்கமும் தோல்தானே?

— பாட்டுக்குத் தட்டுறதுடா அது. உயிரோட ஆட்டையா பிடிச்சுக்கிட்டு வந்திருக்கோம்? காத்மாண்டுல இருந்து எத்தனை பேரு கம்பளிக்குள்ள சுத்திக் கொண்டு வந்திருக்கான். நீ மட்டும் அரிச்சந்திரன்.

— மாட்டினா விசாவே போயிடுமாம்.

— சரி, 'ஆமா'ன்னே போடு. பிடுங்கிக்கிட்டா? திங்கக்கிழமை காலேஜ்ல எதைத் தட்டுவே, டேபிளையா?

— அதான் பயமே. இந்த மாதலை வாசிச்சு அனுப்பின வீடியோவைப் பார்த்துத்தான் சீட்டே குடுத்தாங்க.

— சீக்கிரம் போடு. வெளியில எங்கக்கா ஒரு மணி நேரமா நிக்கிறா. நமக்காகப் பருப்பும் சோறும் ஆக்கி வச்சிருக்காளாம். இனிமே மூணு பேருக்கும் ஒரே அடுப்படி, தெரியும்ல?

— தெரியும்.

— என்னடா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி சொல்றே?

— அடுத்தவங்க கவுண்டருக்கு வாங்க. மேளத்தை இப்படி மேல வைங்க தம்பி. மறைக்காம எழுதினது நல்லது.

— ஆட்டுத் தோல், மேடம், வார் மட்டும் எருமை. பதப்படுத்தினதுக்குச் சீட்டு இருக்கு.

— தோல் சரியாத்தான் இருக்கு. முடி இல்ல, பூச்சி இல்ல. ஆனா உள்ள என்னவோ குலுங்குதே?

— அது... அரிசி, மேடம். ஒரு பிடி.

— தானியத்தை இந்த நாட்டுக்குள்ள விட முடியாது. அரிசியை எடுத்துட்டா மேளம் உங்களோடது. இல்லைன்னா எங்களோடது.

— எல்லாம் அந்தக் கடைக்காரன் வேலை மேடம். டேய், எந்தக் கடையிலடா வாங்கினே?

— கடைக்காரன் இல்ல. அம்மா போட்டாங்க. தூர தேசம் போற மாதல் வெறும் வயித்தோட போகக் கூடாதுன்னு.

— அம்மாவா? ரெண்டு வாயும் மூடித்தானே இருக்கு. எந்த வழியாப் போட்டாங்க?

— மூடறதுக்கு முன்னாடி போட்டாங்க. இழுத்து மூடினது எங்கப்பா. தோலை ஊற வச்சுச் சுரண்டினது நான். கடையில வாங்கினேன்னு சொன்னது பொய். தோல் வேலைதான் எங்க பரம்பரை, சந்தேஷ். பூர்தேல்ங்கிற பேரு உங்க சாதியிலயும் இருக்கு, அதைப் பார்த்து நீங்கல்லாம் உங்க ஆளுன்னு நினைச்சுக்கிட்டீங்க. நானும் வாயைத் திறக்கல.

— அதனாலதான் எங்க வீட்டுக்கு வந்தா படியிலயே உட்கார்ந்து டீ குடிச்சியா? ஷூ கழட்டச் சோம்பேறின்னு கிண்டல் பண்ணினேனேடா.

— ரூம் விஷயம் அக்காகிட்டச் சொல்லிடு. நான் வேற இடம் பார்த்துக்கிறேன். மேடம், நானே பிரிச்சு அரிசியைக் கொட்டிடுறேன். இங்கயே திரும்பக் கட்டிடுவேன்.

— தனியாவா? முடியுமா தம்பி?

— வாரை இழுக்கும்போது மறுபக்கம் ஒரு ஆள் பிடிக்கணும். வீட்டுல அம்மா பிடிப்பாங்க. இங்க காலால மிதிச்சுக்கிட்டு...

— வாத்தியத்தைக் காலால மிதிப்பியாடா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? தள்ளு. எதைப் பிடிக்கணும்?

— இந்த வாரை. சந்தேஷ், இது எருமைத் தோல், உங்காளுங்க தொட மாட்டாங்க.

— நாத்தத்துலயே தெரியுது. இழு.

— இன்னும் இறுக்கிப் பிடி.

— பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இரு, அக்கா கூப்பிடுறா. போனைத் தோள்ல இடுக்கி விடு. ஹலோ, அக்கா... லேட்டாகும். மாதலுக்குத் தோல் கட்டிக்கிட்டிருக்கோம்... ஆமா, நானும்தான்.