ஹவிலியின் பூச்சிகள்

— ஒன்பது வருஷமா இந்த உறைபெட்டிக்குள்ளயா கிடக்குதுங்க? என் பூச்சிங்களுக்குக் குளிராதா, ரோவீனா டாக்டரம்மா?

— தூங்குதுங்க, ஹவிலி. உங்க வயித்துப்புண்ணுல எடுத்ததுலேருந்து ஒரே தூக்கம். போன வாரம் கொஞ்சத்தை எழுப்பி, குதிரை ரத்தம் ஊத்தி வளர்த்தேன்.

— குதிரை ரத்தமா! என்கிட்ட இருந்தப்ப வெறும் சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும்தான். மெல்போர்ன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்ததும் வாழ்வைப் பாருங்களேன். பேரு வச்சீங்களா?

— நம்பர்தான். இருநூத்தி முப்பத்தேழு.

— அய்ய! நான் ஓட்டுற டிராமுக்குக்கூட நல்ல நம்பரா குடுத்திருக்காங்க. சரி, என் பொண்ணு லூபே வயித்தைப் புடிச்சுக்கிட்டு வீட்ல உட்கார்ந்திருக்கா. அவளுக்கு என்னன்னு சொல்லுங்க.

— அவ வயித்துலருந்து எடுத்ததும் இதே வகைக் கிருமிதான். பயப்படாதீங்க, ரெண்டு வாரம் ஒழுங்கா மாத்திரை போட்டாப் போயிடும்.

— பன்னெண்டு வயசுப் புள்ள வயித்துல திருடன் பூந்திருக்கான். வயிறு என்ன பண்ணிட்டிருந்துச்சு?

— இவன் பலே கில்லாடி. மத்த கிருமின்னா வாலைப் பார்த்தே வயிறு புடிச்சிடும். இவன் வாலையே மாத்தி வச்சிருக்கான், வாசல் காவலுக்கு அடையாளம் தெரியல.

— அப்புறம் எப்படி மாட்டுனான்?

— பேராசையில. வயித்துச் செல்லுக்குள்ள ஊசி மாதிரி ஒண்ணைச் செருகுறான். அதோட அவன் உடம்புச் சுவத்துத் துணுக்கும் உள்ள போயிடுது. அந்தத் துணுக்குக்குன்னே செல்லுக்குள்ள ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கான். பார்த்ததும் மணியடிச்சு ஊரைக் கூட்டிடுவான்.

— டிக்கெட் இல்லாம ஏறிட்டு, பரிசோதகர் பக்கத்துலயே போய் உட்கார்ற மாதிரி! ஊரே கூடுச்சுல்ல, அப்புறம் அவன் ஏன் சாகல?

— சாக மாட்டான். வந்த கூட்டம் அடிக்கிற அடியில வயிறுதான் புண்ணாகுது.

— எங்க சர்ச் கமிட்டியேதான்!

— ஹவிலி, கொஞ்சம் உட்காருங்க. இன்னொண்ணு சொல்லணும். லூபேவை சின்னதுல எப்படி ஊட்டி வளர்த்தீங்க?

— கிழங்கை நானே மென்னு மசிச்சு ஊட்டுவேன். டோங்காவுல எங்கப்பா எனக்கு அப்படித்தான் ஊட்டுனாரு. ஏன்?

— ரெண்டு பேரோட கிருமியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரே வம்சம். இது அவளுக்கு உங்ககிட்டருந்துதான் வந்திருக்கணும். வேணும்னு செஞ்சதில்ல, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க... ஐயோ, என்ன ஹவிலி, அழாதீங்க.

— அழலம்மா, சிரிக்கிறேன்! இதை அப்படியே ஒரு காகிதத்துல எழுதுங்க. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் குடுங்க.

— முத்திரையா? எதுக்கு?

— கைக்குழந்தையா தத்தெடுத்த புள்ளம்மா அவ. ஒரு மாசமா, 'உங்ககிட்டருந்து எனக்கு ஒண்ணுமே வரல, நீங்க என் அப்பாவே இல்ல'ன்னு கத்திக்கிட்டிருக்கா.