ஜெபத்தில் சொன்ன பேர்

கடல் பொங்கின மறுவருஷம், மரக்காணத்தில் பாண்டி பஸ் ஏறினேன். பின் சீட்டில் இரண்டு பேர். ஒருத்தி ஹோமில் வளர்கிற பெண், தையல் கிளாஸுக்குப் போகிறாள். மற்றவள் காலேஜ்காரி, ஹோம் பிள்ளைகள் மனசு சரியில்லாவிட்டால் யாரிடம் போகிறார்கள் என்று விசாரித்து எழுதுகிறவளாம். காதை மூடிக்கொண்டு பஸ்ஸில் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

"எனக்குப் பைத்தியம் இல்லக்கா. தூக்கம்தான் இல்ல."

"வார்டன்கிட்ட சொன்னியாம்மா?"

"ஒரு தடவ சொன்னேன். சாயங்கால ஜெபத்துல என் பேரச் சொல்லி, இவளுக்குத் தூக்கம் வரணும்னு அத்தன புள்ளைங்களையும் முட்டி போட வெச்சிட்டாங்க. மறுநாள் இட்லிக்கு நிக்கறேன், ஒண்ணாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு கேக்குது, 'அக்கா, தூங்கினியா?'ன்னு."

காலேஜ்காரி சிரித்துவிட்டாள்.

"சிரிங்க. அன்னையிலருந்து எங்கள்ல யாரக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவோம்."

"இத எழுதிக்கட்டுமா? பயப்படாத, உன் பேரப் போட மாட்டோம். அது எங்க ரூல்."

"அப்படி ஒரு ரூல் இருக்குதா?" பெண்ணின் குரல் டிரைவர் வரைக்கும் போயிருக்கும். "அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சாயங்காலம் எங்கூடவே திரும்பி வாங்க, வார்டன்கிட்ட சொல்லுங்க. நானும் பக்கத்துலயே நிக்கறேன்."

"அவங்க கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும்க்கா. அவங்க கோவம் தீரணும்னு நாங்க எல்லாரும் முட்டி போடறோம், அவங்க பேரச் சொல்லி."