அவிட்டத்துக்கு முன்னால்

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் எப்போதும் காபிதான் கொடுப்பேன். டீ என்றால் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல காபியைக் கையில் கொடுத்தால் உட்காருவார்கள். உட்கார்ந்தால் கண் மேலே போகும். மேலே எங்கள் வீட்டுத் தேக்கு உத்தரங்கள் இருக்கின்றன. உங்களுக்கும் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றீர்கள். பரவாயில்லை, மேடம். இன்ஸ்பெக்டர்கள் வீடு வாங்க வருவதில்லை.

என் நாத்தனார் பொன்னாத்தாள் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் கோபம் அதிகம், விவரம் குறைவு. என் கணவர் அரங்கசாமி எப்படி இறந்தார் என்பதை நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உடலை எரித்தாகிவிட்டது, உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இனிமேல் மறைத்து எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்க வருகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைரத்தோடு போட்டுக்கொண்டு நடப்பவர்கள். யார் வீட்டில் என்ன கார், யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் என்பதெல்லாம் இரண்டு சுற்றுக்குள் தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் எதிர் வீடு விலைபோனது. ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், கோவையில் அதிக விலைக்குப் போன வீடுகள் என்று படங்களோடு போட்டார்கள். முதல் படம் எதிர் வீடு. போர்ட்டிகோவில் அதை விற்ற அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதுவரை அவரிடம் யாரும் நின்று பேசியதில்லை. அந்த வாரம் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நடந்தது. நான் கடைசியில் நடந்தேன்.

எனக்குத் தாராபுரம். அப்பா மண்டியில் மூட்டை எடைபோடுகிற வேலையில் இருந்தார். என் நிறத்தைப் பார்த்து, ஜாதகத்தைப் பார்த்து, இந்த வீட்டுக்கு என்னைப் பெண் எடுத்தார்கள். கல்யாணமாகி வந்த அன்று, பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த பொன்னாத்தாள் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “நங்கை, உங்கூட்ல பாத்ரூம் உள்ளயா, வெளியயா?” அண்ணன் மனைவியை அவர்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னப் பெண், தெரியாமல் கேட்டது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகுதான் வீட்டை விற்கும் பேச்சு வந்தது. இரும்பு வார்க்கும் அவருடைய ஃபவுண்டரி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அந்தக் கடன்காரர்களுக்குப் பயந்து வீட்டை முன்பே என் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம், அதற்கு ஆகும் செலவு, பிறகு காலமெல்லாம் மருந்து. “வித்துப்போட்டுச் சின்னதா ஒரு ஊடு பாத்துக்கலாம் ராமா,” என்று அவரே சொன்னார். என்னை அவர் ராமா என்றுதான் கூப்பிடுவார். சொல்லும்போது அழுதார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பல பேர் வந்து பார்த்தார்கள். கடைசியாக வந்தவர் சீனிவாசலு. ஜவுளி வியாபாரம், தலைமுறைகளாக இங்கேயே இருக்கிற தெலுங்குக் குடும்பம். காபியைக் குடித்துவிட்டு மேலே பார்த்தார். தோட்டத்தைச் சுற்றி வந்தார். பேரம் பேசவில்லை. அவராகவே ஒரு விலை சொன்னார். நாற்பத்தொரு கோடி. எதிர் வீட்டைவிட மூன்று கோடி அதிகம். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்திரிகைக்காரர் வந்தால் எந்தப் புடவை கட்டுவது என்பதுகூட எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது அவர் என்னைத் தனியாக அழைத்தார். “அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஐயாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலையாட்ட இருக்குது. சாவு விழுகாத ஊடு எங்கீங்க இருக்குது, அது எனக்குப் பெருசில்லீங்க. அடைப்பு மட்டும் ஆகாதுங்க. எங்கம்மா வாசப்படிகூட மிதிக்க மாட்டாங்க.”

“அவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க,” என்றேன்.

“ஆகாமயே இருக்கட்டுமுங்க. இன்னொண்ணு, பத்திரம் உங்க பேர்ல இருந்தாலும் ஐயா இருக்கற வரைக்கும் அவரு வாயால சரின்னு சொல்லோணுங்க. மனசு நொந்து குடுக்கற ஊடு எனக்கு வேண்டாங்க.”

உங்களுக்கு இந்த வழக்கம் தெரியாமலிருக்கலாம், சஃபியா மேடம். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்கள். அவற்றில் யாராவது இறந்துபோனால் அந்த அறையை ஆறு மாதம் அடைத்துவைப்பார்கள். வீட்டையே பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வேறு சில நட்சத்திரங்களுக்கும் அடைப்பு இருக்கிறது, ஆனால் எல்லோரும் பயப்படுவது இந்த ஐந்துக்குத்தான். அடைப்பு விழுந்த வீடு என்று பேராகிவிட்டால் அப்புறம் பாதி விலைக்கும் ஆள் வராது.

என் கணவர் சீனிவாசலுவிடம் போனிலேயே சரி என்று சொல்லிவிட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பொன்னாத்தாள் அவிநாசியிலிருந்து கோயில் பிரசாதத்தோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. அவர் கட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். இந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் அந்த உரிமை உண்டு.

“அண்ணா, டெஸ்ட் எல்லாம் பொருந்திப்போச்சு. என்ற கிட்னி ஒண்ணு உனக்கு. ரெண்டு வெச்சுட்டு நானென்ன பண்ணப்போறேன், ஒண்ணு சும்மாதான கெடக்குது.”

“பைத்தியமா உனக்கு? மாப்ள என்ன சொன்னாரு?”

“அவரா? உன்ற கிட்னியாச்சும் ரேஸ்கோர்ஸ்ல போயி வசதியா இருக்கட்டும்னாரு.”

அவர் அப்படிச் சிரித்து நான் வெகுநாள் கேட்டதில்லை. சிரித்து, அழுது, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முதலிலேயே விலக்கிவிட்டார்கள். அது அவள் தப்பில்லை.

“செலவுக்கும் எங்க தோப்பு இருக்குது. அப்பறம் எதுக்கு ஊட்ட விக்கோணும்?” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஆமா ராமா, இனிமே ஊட்ட விக்க வேண்டா. நம்ம புள்ள இனியா கல்யாணத்த இந்த ஊட்லயே செஞ்சுபோடலாம். சீனிவாசலுகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிப்போடு.”

“சரிங்க,” என்றேன்.

“நங்கைக்கு மொகமே செத்துப்போச்சு பாரண்ணா,” என்று பொன்னாத்தாள் சிரித்தாள். “பேப்பர்ல போட்டோ வருமுன்னு இருந்திருப்பாங்க.” விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் எதையும் விளையாட்டாகத்தான் சொல்வாள்.

அவள் காரில் ஏறிப் போனதும் நான் காலண்டரைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் வளைகாப்பு, பால் காய்ச்சுவது எதற்கும் நாள் பார்ப்பது நான்தான். என்னைக் கேட்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை திருவோணம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவிட்டம் பிறக்கிறது. அதன் பிறகு ஐந்து நாள் தொடவே முடியாது. அதற்குள் இவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவார். சேர்ந்தால் பொன்னாத்தாள் பக்கத்தைவிட்டு நகர மாட்டாள். திருவோணமோ பெருமாள் நட்சத்திரம். அதில் போகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் என்பதால் திங்கட்கிழமை அவர் உடம்பு மிகவும் பலவீனமாக இருக்கும். எல்லாம் ஒரே நாளில் கூடி வந்தது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படி நாள் அமைந்ததில்லை.

சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் ஆகாது. அதிலிருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று டாக்டர் முதல் நாளே கையை நீட்டி எச்சரித்த விஷயம் அது. தண்ணீரையே அளந்து குடிக்கிறவர் அவர். பொள்ளாச்சியிலிருந்து குலை குலையாக வரும். வருகிறவர்களுக்குக் கொடுப்போம், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை காலையில் அவர் இளநீர் கேட்டார். ஆபரேஷன் முடிவான சந்தோஷம். இரண்டு வருடமாக ஏங்குகிற மனிதருக்கு எத்தனை முறைதான் இல்லை என்று சொல்வது? வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். “அமிர்தமாட்ட இருக்குது ராமா,” என்றார். இன்னொன்று சீவினேன். இன்னொன்றும். வழுக்கையைக்கூட ஸ்பூனில் ஊட்டினேன்.

மதியத்துக்கு மேல் மார்பு அடைக்கிறது என்றார். கால் மரத்துப்போனது. “ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டார். “சொல்லிட்டேனுங்க, வந்துட்டே இருக்குது,” என்றேன். அவர் பயப்படக்கூடாது அல்லவா? பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கடைசிவரை அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கிறது? அவர் போனபோது வெளியே நல்ல வெயில். விளக்கு வைக்க வெகுநேரம் இருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். டயாலிசிஸ்காரர்களுக்கு இதயம் இப்படி நின்றுவிடுவது உண்டு என்று எழுதிக்கொடுத்தார். எங்கள் மகள் இனியா பெங்களூரிலிருந்து வந்தாள். பொன்னாத்தாள் வாசலிலேயே விழுந்து புரண்டாள். எல்லாம் முறையாக நடந்தது.

சீனிவாசலு தன் தாயாரோடு துக்கம் கேட்க வந்தார். வயதான அம்மாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்நேரமுங்க கண்ணு?” என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். “திருவோணமுங்க. அவிட்டம் பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டாருங்க,” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். அவர் போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“எங்கூட்ல திருக்கணிதமுங்க,” என்றார் மெதுவாக. “அதுல காத்தாலயே அவிட்டம் வந்துபோச்சுங்க.”

என் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் சில மணி நேரம் முன்பின்னாக இருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று நினைவுக்கு வரவில்லை. நான் முதல் இளநீரைச் சீவும்போதே அவர்கள் கணக்கில் அடைப்பு தொடங்கிவிட்டிருக்கிறது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர்களும் சொல்லாமலே எழுந்து போனார்கள்.

அந்த வாரமே ரேஸ்கோர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. தரகர்கள் போனை எடுப்பதில்லை. நடக்க வருகிற பெண்கள் எங்கள் கேட் வந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்கிறார்கள்.

எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. வீடு விற்கிறவள், வாங்குகிறவர்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். காபி கொடுக்கும்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கொடுத்திருப்பேன். பொன்னாத்தாள் வந்து போன களைப்பு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

என்ன கேட்டீர்கள்? போனா? இல்லை, அவர் அன்று காலை தங்கைக்குப் போன் பண்ணியது எனக்குத் தெரியாது. நான் சமையலறையில் இரண்டாவது இளநீரைச் சீவிக்கொண்டிருந்திருப்பேன். அவர் என்ன சொன்னார் என்று அவள் வாக்குமூலத்திலிருந்து இன்னொரு முறை படியுங்கள்.

“பொன்னு, உனக்குப் புண்ணியமாப் போச்சு கண்ணு. டாக்டரே இளநி குடிக்கலாம்னுட்டாராமா. ராமா கேட்டுட்டு வந்து சொன்னா.”

அதனால்தான் அவள் டாக்டரிடம் போய் விசாரித்திருக்கிறாள். புத்திசாலி.

சரி, மேடம். முன்பு சொன்னதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவர் இளநீர் கேட்கவில்லை. டம்ளரை நீட்டியதும், ஆகாதே ராமா என்று தள்ளிவைத்தார். டாக்டரிடம் பேசிவிட்டேன், ஒன்றும் செய்யாது என்று நான்தான் சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாங்கிக் குடித்தார். நான் எது சொன்னாலும் அவர் நம்புவார். எங்களைப் போல் ஒற்றுமையாக வாழ்ந்த தம்பதியை இந்த ரேஸ்கோர்ஸ் முழுக்கத் தேடினாலும் நீங்கள் பார்க்க முடியாது.