வாராவாரம் கெடும் மைக்

ஃபாதர்: ...ஹலோ, ஹலோ. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதா?

மைக்செட் தம்பி: கேக்குது ஃபாதர். வெறும் வாயால கத்துறீங்க, அது கேக்குது. மைக் செத்துக் கிடக்கு.

ஃபாதர்: மறுபடியுமா! போன சனிக்கிழமைதானே சரி பண்ணின?

தம்பி: அது போன வாரக் கோளாறு. இது இந்த வாரக் கோளாறு. இருங்க, பிளக்கைத் திறந்து பாக்குறேன்... என்ன ஃபாதர் இது? ஒயர் அறுபடலை. யாரோ ஸ்க்ரூவைக் கழட்டி, ஒயரை வெளிய எடுத்து, திரும்ப ஸ்க்ரூவைப் போட்டிருக்காங்க.

ஃபாதர்: எலியா இருக்கும்.

தம்பி: எலி ஸ்க்ரூ போடுமா?

ஃபாதர்: கோயில் எலிப்பா. கொஞ்சம் ஒழுக்கமானது. சீக்கிரம் ஒயரை மாட்டு. நாளைக்கு இறையழைத்தல் ஞாயிறு. இந்தப் பங்குலேர்ந்து ஒரு பையன் ஃபாதராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. நாளைக்காவது ஒருத்தன் வாயைத் திறக்கணும்.

தம்பி: மைக் தாங்கும் ஃபாதர். பிரசங்கம் தாங்குமான்னுதான்...

ஃபாதர்: என்ன?

தம்பி: ஒயரைச் சொன்னேன். ம்... இப்பப் பேசுங்க.

ஃபாதர்: "ஓ இளைஞனே! இறைவனின் அழைப்பு மின்னலெனப் பாய்ந்து—"

தம்பி: நிறுத்துங்க, நிறுத்துங்க! மின்னல் பாஞ்சா ஆம்ப்ளி எரிஞ்சுடும். உங்களுக்கு நிஜமாவே மின்னல் மாதிரியா வந்துச்சு?

ஃபாதர்: எனக்கா... இல்லப்பா. கொசு மாதிரி வந்துச்சு. விரட்டினா போயிடும். விளக்கை அணைச்சுப் படுத்தா, மறுபடி காதுகிட்ட வந்து நிக்கும்.

தம்பி: இதைச் சொல்லுங்க ஃபாதர்! அந்த 'ஓ இளைஞனே'வைத் தூக்கி ஓரமா வைங்க. அப்புறம்... சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தன் வர்றான்னு வைங்க. உடனே அங்கியைப் போட்டுவிட்டுருவீங்களா?

ஃபாதர்: அவசரத்தைப் பாரு! முதல்ல சும்மா வந்து தங்கிப் பாக்கணும். அவன் எங்களைப் பாப்பான், நாங்க அவனைப் பாப்போம். அப்புறம் படிப்பு, நடுவுல பங்குல பயிற்சி, மறுபடி படிப்பு. வருஷக்கணக்கா ஆகும். குருப்பட்டம் வாங்குற வரைக்கும் எந்தக் கட்டத்துலயும் 'இது எனக்கில்லை'ன்னு வீட்டுக்குத் திரும்பலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

தம்பி: அவனுக்குப் பாட்டு வராதுன்னா?

ஃபாதர்: என் பாட்டை நீ வாராவாரம் கேக்குறியே.

தம்பி: எங்க கேக்குறேன்? நீங்க பாடும்போது வால்யூமைக் குறைச்சுடுறேனே.

ஃபாதர்: அடப்பாவி! அது நீதானா?

தம்பி: மக்கள் நலன் ஃபாதர். சரி, அவன் வீட்டுக்கு ஒரே பையன்னா? எங்கம்மா தினமும் செபமாலைல, "இந்தப் பங்குக்கு நல்ல குருக்களைத் தாரும் ஆண்டவரே"ன்னு சத்தமா வேண்டுவாங்க. அப்புறம் மெதுவா, "அடுத்த வீட்டுலேர்ந்து"ன்னு சேத்துப்பாங்க.

ஃபாதர்: உங்கம்மாவா?

தம்பி: அவங்கம்மா! அந்த... ஒருத்தனோட அம்மா. பொண்ணு வேற பாக்குறாங்க.

ஃபாதர்: ஓ. அந்த ஒருத்தன் கல்யாணத்துக்குப் பயந்து வந்தான்னா, நானே திருப்பி அனுப்பிடுவேன். அது அழைப்பு இல்ல, தப்பிச்சு ஓடுறது.

தம்பி: பயம் இல்ல ஃபாதர். ஒரு சாவு வீட்டுக்கு மைக்செட் போடப் போயிருந்தேன். நீங்க வந்து அந்த வீட்டு அம்மா பக்கத்துல உக்காந்தீங்க. மைக்கை நீட்டினேன், தள்ளிவிட்டுட்டீங்க. ஒரு வார்த்தை பேசலை. அவங்க என்னென்னமோ சொல்லி அழுதாங்க, நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. அப்புறம் அந்த அம்மா எழுந்து தண்ணி குடிச்சாங்க. காலைலேர்ந்து யார் கெஞ்சியும் குடிக்காதவங்க. அன்னிலேர்ந்து எனக்கு...

ஃபாதர்: கொசுவா?

தம்பி: கொசுதான் ஃபாதர்.

ஃபாதர்: முன்ன ஒரு தடவை ரிப்பேர் பண்றப்போ நீதானே சொன்ன, மைக் எதையும் பெருசாக்காது, அது ஆம்ப்ளி வேலை, மைக்கோட வேலை கேக்குறது மட்டும்தான்னு. குருமடத்துல முக்கியமான பாடமே அதுதான்பா.

தம்பி: அம்மாகிட்ட...

ஃபாதர்: நானும் வர்றேன். ஆனா முதல்ல வாயைத் திறக்குறது நீ.

தம்பி: இன்னொண்ணு ஃபாதர். திட்டாதீங்க. முதல் தடவை மைக் கெட்டுச்சே... அது நான்தான். உங்ககிட்ட வந்து கேக்க ஒரு சாக்கு வேணும்னு ஒயரைக் கழட்டிவிட்டேன். ஆனா வந்து நின்னா வாய் வரலை. அதுக்கப்புறம் நான் தொடவே இல்லை, சத்தியமா! பின்ன எப்படி வாராவாரம் கெடுதுன்னு எனக்கே புரியலை.

ஃபாதர்: ஏதோ கேக்க வந்துட்டு, கேக்காமலே போயிடுறியேன்னுதான் வாராவாரம் அந்த ஸ்க்ரூவை... திட்டாதப்பா. குருமடத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்த எலி ரேடியோ கடையில வேலை பாத்துட்டு இருந்துச்சு.